குட்டிக்குப் பால்புட்டி, தாய்க்குச் சுருக்குக் கம்பி

2019 ஜூன் மாதம் ஒரு காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. கோலாலம்பூர் அடுக்குமாடி வீடு ஒன்றின் சன்னலில் ஒரு சூரியக் கரடிக்குட்டி தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதிகாரிகள் போய்க் குட்டியை மீட்டார்கள். வீட்டுக்காரப் பெண் கொடுத்த விளக்கம் காணொளியைவிட வேகமாகப் பரவியது. இரவு நேரத்தில் சாலையோரம் துவண்டு கிடந்ததாம், நாய்க்குட்டி என்று நினைத்துத் தூக்கி வந்தாராம், உடம்பு தேறியதும் விட்டுவிடலாம் என்றிருந்தாராம்.

சுங்கை பட்டாணி கோப்பிக் கடைகளில்கூட ஒரு வாரத்துக்கு இதே பேச்சு. நாய்க்கும் கரடிக்கும் வித்தியாசம் தெரியாதா என்று சிரிக்காதவர் இல்லை. சிரித்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் குட்டியின் தாய் எங்கே என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டிருந்தால் பதில் சிரமமானதாக இருந்திருக்கும். சூரியக் கரடி வழக்கமாக ஒரே ஒரு குட்டிதான் ஈனும், எப்போதாவது இரண்டு. மரப்பொந்திலோ பெரிய வேரடி இடுக்கிலோ பிறக்கும்போது அதன் எடை ஏறக்குறைய 300 கிராம். கண் திறந்திருக்காது, உடம்பில் ரோமம் இருக்காது. அங்கிருந்து தொடங்கி இரண்டு வருடமாவது, சில சமயம் மூன்று வருடம்வரை தாய் அதை விட்டுப் பிரியாது. வேட்டைக்காரனைக் கண்டு குட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிற சாதி இல்லை அது. கரடிகளிலேயே உருவத்தில் சிறியது என்றாலும், குட்டியுடன் இருக்கும் பெண் கரடியை நெருங்கத் துணிகிறவர் காட்டில் குறைவு. ஆகவே ஒரு கரடிக்குட்டி மனிதர் கையில் இருக்கிறதென்றால், அநேகமாக அதன் தாய் உயிரோடு இல்லை. சுட்டிருப்பார்கள், அல்லது சுருக்கில் மாட்டியிருக்கும். ஒரு குட்டி சந்தைக்கு வந்தால் காட்டில் இரண்டு கரடி குறைந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதை ஏன் கெடாவில் உட்கார்ந்துகொண்டு எழுத வேண்டும்? கரடி நமக்கு ஏதோ மிருகக்காட்சிசாலைச் சமாசாரம் இல்லை என்பதால்.

சிக், பாலிங், பாடாங் தெராப் பக்கம் காட்டோரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது தெரியும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைகிறவர் அஞ்சுவது பாம்புக்கு, காட்டுப்பன்றிக்கு, அப்புறம் கரடிக்கு. சயாம் எல்லைவரை பரந்து கிடக்கும் உலு மூடா காடு 1,60,000 ஹெக்டேருக்கும் மேல். யானையும் சிறுத்தையும் இருவாச்சியும் வாழ்கிற அந்தக் காட்டில் சூரியக் கரடியும் உண்டு. உப்பு மண்ணைத் தேடி விலங்குகள் கூடும் இடங்களுக்கு அது பேர்போனது. மூடா, பெடு, ஆனிங் என மூன்று அணைகளுக்கும் தண்ணீர் தருவதும் அதே காடுதான். நம் நெல்வயல்களுக்குப் பாய்கிற நீரும், மூடா ஆற்று வழியே பினாங்கின் குழாய்களில் வருகிற நீரில் பெரும்பங்கும் அங்கிருந்து இறங்குகிறது. அந்த நீருக்கு விலை எவ்வளவு என்று இரண்டு மாநிலங்களும் வருடக்கணக்கில் வாக்குவாதம் செய்கின்றன. அது தனிக் கதை.

கரடிக்குட்டிகள் எங்கே, எப்படி வளர்க்கப்படுகின்றன என்று பார்க்க வேண்டுமானால் கடல் தாண்டி சபாவுக்குத்தான் போக வேண்டும். சண்டாக்கானை அடுத்த செப்பிலோக்கில் இருக்கிறது போர்னியோ சூரியக் கரடிப் பாதுகாப்பு மையம். ஆனால் அதை உண்டாக்கியவர் நமக்கு அடுத்த வீட்டுக்காரர். கூலிமிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த வோங் சியூ தே.

சிறுவயதிலிருந்தே பிராணிப் பைத்தியம் பிடித்தவர் வோங். கால்நடை அறிவியல் படிக்கத் தைவானுக்குப் போனார். அங்கிருந்து அமெரிக்காவின் மொண்டானா பல்கலைக்கழகம். அங்கே கரடி ஆய்வில் பெரிய பெயரான கிறிஸ்டோபர் சர்வீன் ஒரு மலேசிய மாணவரைத் தேடிக்கொண்டிருந்தார். உலகில் கரடி இனம் எட்டு. அவற்றில் சூரியக் கரடியைப் பற்றித்தான் அன்றைக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருந்தது. எவ்வளவு தூரம் நடக்கும், என்ன தின்னும், எங்கே படுக்கும் என்ற அடிப்படைக் கேள்விகளுக்கே ஒழுங்கான விடை இல்லை. 1998-இல் வோங் சபாவின் டானும் பள்ளத்தாக்கு மழைக்காட்டுக்குள் போனார். பொறிக்கூண்டு வைத்துக் கரடி பிடித்து, கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி, மீண்டும் விட்டுப் பின்தொடர்வது வேலை. வருடக்கணக்கில் பாடுபட்டும் பட்டை கட்ட முடிந்தது ஆறே கரடிகளுக்கு.

அந்த ஆய்வின் நடுவில்தான் பஞ்சம் வந்தது. போர்னியோவின் பெருமரங்கள் வருடாவருடம் காய்ப்பதில்லை. பல வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரே சமயத்தில் காடே பூத்துக் காய்த்துக் கொட்டும். பிறகு நீண்ட வறட்சி. 1999 பின்பாதியிலிருந்து 2000 வரை அப்படியொரு காலம். அவர் பின்தொடர்ந்த கரடிகள் விலா எலும்பு தெரிய இளைத்துப்போயின. தாடிப் பன்றிகளும் அப்படியே. பசுமையாகத் தெரிகிற காட்டுக்குள்ளேயே ஒரு கரடி பட்டினி கிடக்க முடியும் என்பதை அவர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். இதை நாம் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பழம் இல்லாத வருடத்தில் கரடி அத்திமரத்தைத் தேடி, கரையான் புற்றைத் தேடி வெகுதூரம் அலையும். அப்படி அலைய இடம் வேண்டும். காடு துண்டு துண்டானால் அந்த அலைச்சல் செம்பனைத் தோட்டத்தில்தான் வந்து முடியும்.

காட்டில் கரடியைத் தேடி அலைந்த அதே வருடங்களில், ஊருக்குள் தேடாமலேயே கரடிகள் வோங்கின் கண்ணில் பட்டன. வீட்டுக் கொல்லையிலும் தனியார் காட்சிசாலைகளிலும் கோழிக்கூடு அளவுக் கூண்டுகளில் அடைத்து வைக்கப்பட்டவை. தாயற்ற குட்டிகளாக வந்து, கூண்டுக்குள்ளேயே பெரிதாகி, திரும்பக்கூட இடமில்லாமல் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்பவை. அந்தக் காட்சிதான் ஆய்வாளரை மையக்காரராக மாற்றியது. சபா வனவிலங்குத் துறை, வனத்துறை, லீப் என்னும் தொண்டு நிறுவனம் ஆகியவற்றுடன் சேர்ந்து 2008-இல் மையம் உருவானது. 1964 முதல் இயங்கிவரும் ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையத்தின் பக்கத்திலேயே இடம். 2014 சனவரியில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 40-க்கும் மேற்பட்ட கரடிகள் இப்போது அங்கே வாழ்கின்றன.

வாசலில் சீட்டு வாங்கி மரப்பாதையில் நடந்தால், உயரமான மேடையிலிருந்து மின்வேலிக்குள் இருக்கும் உண்மையான காட்டைப் பார்க்கலாம். கரடி தெரியும், தெரியாமலும் போகும். மரத்தின் உச்சியில் கிளைகளை மடக்கிப் போட்டுப் படுத்திருந்தால் அண்ணாந்து கழுத்து வலிப்பதுதான் மிச்சம். காசு கொடுத்தேனே, கரடியைக் காணோமே என்று புலம்புகிறவர்களுக்கு அந்த இடம் பிடிக்காது. எனக்கு அதுதான் பிடித்தது.

சரி, குட்டி எப்படி வளர்கிறது?

மையத்துக்கு வருகிற குட்டி முதலில் தனியறையில் வைக்கப்படும். நோய் இருக்கிறதா, எலும்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் சரியாக இருக்காது. வீட்டில் வைத்திருந்தவர்கள் கொடுத்தது இனிப்புப் பாலும் சோற்றுக் கஞ்சியும். தாய்ப்பாலின் கொழுப்பும் சுண்ணச் சத்தும் இல்லாமல் வளர்ந்த குட்டிக்குக் கால் வளையும். சில வீடுகளில் நகத்தையும் பல்லையும் வெட்டி வைத்திருப்பார்கள், சோபா கிழியக்கூடாதே!

பசி அடங்கிய பிறகும் குட்டி தன் முன்னங்காலை வாயில் வைத்து உறிஞ்சும். இன்னொரு குட்டி இருந்தால் அதன் காதைப் பிடித்து உறிஞ்சும். உறிஞ்சும்போது தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் விடாமல் வரும், தொலைவில் இயந்திரம் ஓடுவதுபோல. தாயிடம் பால் குடிக்கிற குட்டி எழுப்பும் அதே சத்தம். வளர்ந்து 50 கிலோ ஆன பிறகும் இந்தப் பழக்கம் விடாத கரடிகள் உண்டு. பார்க்கிற சுற்றுலாப் பயணி ‘அழகு’ என்பார். பராமரிப்பாளருக்கு அது வேறு விஷயம்.

பால்புட்டிக் காலம் சுலபமானது. கையில் புட்டி, மடியில் குட்டி, படம் எடுத்தால் ஆயிரம் விருப்பக்குறி விழும். உண்மையான வளர்ப்பு அதற்குப் பிறகு காட்டுக்குள் நடப்பது. ஒரு பராமரிப்பாளர் குட்டியைக் காட்டுக்குள் தினமும் அழைத்துப் போகிறார். கயிறு இல்லை, சங்கிலி இல்லை. அவர் நடந்தால் குட்டி பின்னால் வரும். அவர் நின்றால் அதுவும் நிற்கும், காலைக் கட்டிக்கொள்ளும். விழுந்த மரம் ஒன்றைக் கண்டால் அவர் பட்டையை உடைத்துக் காட்டுகிறார். உள்ளே வெள்ளையாய் ஒரு புழு நெளிகிறது. குட்டி மோந்து பார்க்கிறது, நக்கிப் பார்க்கிறது. அடுத்த கட்டையை அதுவே கிழிக்கிறது. கரையான் புற்றைப் புரட்டினால் நாக்கு நீள்கிறது. சூரியக் கரடியின் நாக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல் வெளியே வரும். கொசுத்தேனீயின் கூட்டுக்குள் விட்டுத் தேனை வழிக்கப் படைக்கப்பட்டது. அதை எங்கே விட வேண்டும் என்பதைத்தான் பழக வேண்டியிருக்கிறது.

மரமேறக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. நீண்டு வளைந்த நகமும் உள்நோக்கி வளைந்த முன்கால்களும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தொல்லை இறங்குவதில்தான். ஏறிய குட்டி உச்சியில் ஒரு கிளையைப் பிடித்துப் படுத்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் இறங்காது. பராமரிப்பாளர் அடியில் காத்திருக்க வேண்டும். மழை வரும். அட்டை காலில் ஏறும். மாலையாகும். தாய்க்கரடியாக இருந்தால் ஓர் உறுமலில் இறக்கிவிடும். மனிதத் தாய்க்கு அந்த மொழி இல்லை.

இந்த வேலையின் விசித்திரம் போகப்போகத்தான் விளங்குகிறது. முதல் சில மாதம் குட்டி அவரை நம்ப வேண்டும். நம்பாவிட்டால் சாப்பிடாது, செத்துப்போகும். அதன் பிறகு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே குலைக்க வேண்டும். நடை குறைகிறது. தொடுவது நிற்கிறது. குட்டி விளையாட வந்து கடித்தால் திரும்ப விளையாடுவதில்லை. மற்ற குட்டிகளோடு சேர்த்து அடைக்கிறார்கள். மனிதனைத் தேடுவதற்குப் பதில் கரடி கரடியைத் தேடட்டும் என்று. மனிதன் என்றால் சோறு என்று கற்ற கரடி காட்டில் நெடுநாள் தாங்காது. முதல் கம்பத்தின் குப்பைத் தொட்டிக்கு வரும், அங்கேயே முடியும். பாசத்தை அடக்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

மையத்தின் கரடிகளைப் பார்த்து ஓர் ஆராய்ச்சியும் நடந்தது. சூரியக் கரடி காட்டில் தனியாகத் திரிகிற பிராணி, கூட்டமாக வாழ்வதில்லை. ஆனால் இங்கே 22 கரடிகளைக் கவனித்த இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விளையாடும்போது ஒன்றன் முகபாவத்தை மற்றொன்று அப்படியே பிரதி செய்வதைக் கண்டார்கள். ஒன்று மேல் பல் தெரிய வாயைத் திறந்தால், எதிரில் இருப்பதும் அதே மாதிரி திறக்கிறது. இவ்வளவு நுணுக்கமான பிரதிபலிப்பு மனிதரிடமும் கொரில்லாக்களிடமும் இருப்பதாகத்தான் அதுவரை சொல்லி வந்தார்கள். 2019-இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளிவந்த இந்தச் செய்தி உலகம் சுற்றியது. அனாதைகளை ஒன்றாக வைத்ததால் தெரிய வந்த உண்மை இது. காட்டில் தனித்தனியாகத் திரியும் கரடிகளிடம் யாரும் இதைப் பார்த்திருக்க முடியாது.

2010-இல் குட்டியாக வந்த நத்தாலி என்னும் பெண் கரடி இந்தப் பாடங்களையெல்லாம் தேறியது. ஐந்து வருடம் கழித்து, 2015-இல், லாஹாட் டத்துப் பக்கம் இருக்கும் தாபின் வனவிலங்குக் காப்பகத்தில் அதைக் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் 1,20,000 ஹெக்டேர் காடு. மையம் திருப்பி அனுப்பிய முதல் கரடி அதுதான். கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை. அதன் சமிக்ஞையை வைத்துக்கொண்டு எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு வேறு கரடிகளும் ஒவ்வொன்றாகக் காடு திரும்பின.

ஐந்து வருடம், ஒரு கரடி. செலவைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதில் என்ன லாபம் என்று கேட்பார்கள். கேட்கட்டும். நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான ஒரு கதையோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த ரகு, அம்மு என்ற யானைக்குட்டிகளை 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம் உலகத்துக்கே காட்டியது. பார்த்துக் கண் கலங்காதவர் குறைவு. அந்தக் குட்டிகள் காட்டுக்குத் திரும்பவில்லை, முகாம் யானைகளாகிவிட்டன. முகாமில் பிறந்து வளரும் யானைகளோடு சேர்ந்து வாழ ஒரு வழி இருந்தது. கரடிக்கு அப்படி ஒரு முகாம் வாழ்க்கை கிடையாது. ஒன்று காடு, இல்லையேல் வேலி.

வேலிக்குள்ளேயே கடைசிவரை இருக்கப்போகிற கரடிகளுக்கு இந்தியாவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்துத் தெருத்தெருவாகக் கரடி வித்தை காட்டியதை நம் தாத்தா பாட்டி காலத்தவர் பார்த்திருப்பார்கள். அந்தக் கரடிகளும் காட்டில் தாயைக் கொன்று பிடித்த குட்டிகள்தான். கலந்தர் சமூகத்தவர் வசமிருந்த கரடிகளை ‘வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்’ அமைப்பு அவர்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்பாடு செய்து கொடுத்து வாங்கிக்கொண்டது. நூற்றுக்கணக்கில் கரடிகளை ஆக்ராவிலும் பெங்களூருக்கு அருகே பன்னேர்கட்டாவிலும் மற்ற ஊர்களிலும் வைத்துப் பராமரித்தார்கள். 2009 டிசம்பரில் கடைசி ஆட்டக் கரடியும் ஒப்படைக்கப்பட்டது. பல்லும் பார்வையும் போன அவை காட்டுக்குத் தகுதியில்லை. நிழலும் குளமும் சாப்பாடும் கொடுத்து வைத்திருப்பதே செய்யக்கூடியது. அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்திலோ 2002 முதல் கருங்கரடிக் குட்டிகளைப் பராமரிப்பாளர்கள் காட்டுக்குள் நடத்தி நடத்திப் பழக்கிக் காட்டுக்கே அனுப்புகிறார்கள். செப்பிலோக்கில் செய்வதும் இந்தோனேசியாவின் பாலிக்பாப்பானில் கப்ரியெல்லா ஃபிரெட்ரிக்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் செய்ததும் ஏறக்குறைய அதே முறைதான். குட்டி எந்த வயதில் மீட்கப்படுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பால் மறக்காத வயதில் வந்தால் காடு. கூண்டில் பல வருடம் கழித்து வந்தால் வேலி.

செப்பிலோக்கில் கூண்டுக் கரடிகளுக்கு முதல் முறை காட்டுக் கதவைத் திறக்கும்போது நடப்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பாய்ந்து ஓடும் என்றுதானே நினைப்போம்? அது வாசலில் நின்றுவிடும். வாழ்நாளெல்லாம் சிமெண்டிலும் கம்பியிலும் நின்ற பாதத்துக்கு மண் புதிது. ஒரு காலை வைக்கும், இழுத்துக்கொள்ளும். கதவுக்கு வெளியே பழத்தை வைத்துப் பார்ப்பார்கள். கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். சிலவற்றுக்கு இது நாள் கணக்கு, சிலவற்றுக்கு மாதக் கணக்கு. யாரும் தள்ளிவிடுவதில்லை. கதவு தினமும் திறக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு பாடும் ஒரு முனையில் நடக்க, மறுமுனையில் குட்டிகளை அனாதையாக்கும் வேலை ஓயவில்லை. சூரியக் கரடியின் மூன்று எதிரிகளில் முதலாவது காடழிப்பு. அதை நாம் கண்ணால் பார்க்கிறோம். இரண்டாவது பித்தப்பை. சீன வைத்தியத்தில் கரடிப் பித்தத்துக்கு இருக்கும் மவுசு பழையது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2015-இல் வெளியிட்ட அறிக்கைக்காக நம் நாட்டில் 365 மருந்துக் கடைகளில் விசாரித்தபோது, 175 கடைகளில் கரடிப் பித்தப்பையோ அதிலிருந்து செய்த மருந்தோ இருப்பதாகச் சொன்னார்கள். கிட்டத்தட்ட இரண்டு கடைக்கு ஒன்று. இத்தனைக்கும் அந்தப் பித்தத்தில் மருந்தாக வேலை செய்கிற அமிலத்தை 1950-களிலேயே ஆய்வகத்தில் தயாரித்துவிட்டார்கள். பித்தக்கல்லுக்கும் ஈரல் நோய்க்கும் மருத்துவமனையில் மாத்திரையாக எழுதிக் கொடுக்கிறார்கள். கரடியைக் கொல்ல மருத்துவக் காரணம் ஒன்றுகூட மிச்சமில்லை. தாயின் பித்தப்பைக்கு ஒருவன் காசு கொடுக்கிறான், குட்டிக்கு இன்னொருவன் காசு கொடுக்கிறான். இரண்டும் ஒரே வேட்டை.

மூன்றாவது எதிரி நமக்கு மிக நெருக்கமானது: சுருக்குக் கம்பி. அது கரடிக்காக வைக்கப்படுவதுகூட இல்லை. இளம் செம்பனைக் கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடுகிறது. மறுநடவு செய்த தோட்டத்தில் இது பெரும் நட்டம். சிறுதோட்டக்காரர் என்ன செய்வார்? ஒற்றையடித் தடத்தில் மெல்லிய இரும்புக் கம்பியை வளையமாகக் கட்டி வைக்கிறார். கம்பிக்குப் பன்றி எது, கரடி எது என்று தெரியாது. முன்னங்கால் மாட்டிய கரடி இழுக்க இழுக்கக் கம்பி எலும்புவரை இறங்கும். வலிமை மிகுந்த பிராணி என்பதால் சில சமயம் அறுத்துக்கொண்டு போய்விடும், பாதத்தை விட்டுவிட்டு. மூன்று காலில் வாழப் பழகும் கரடிகள் உண்டு. ஆனால் குட்டியோடு இருந்த தாய் மாட்டினால், அடுத்த நாள் காலை தடம் பார்க்க வருகிறவர் காண்பது உறுமிக்கொண்டிருக்கும் ஒரு கரடியையும் பக்கத்து மரத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு குட்டியையும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தாயை விடுவிக்க அவருக்குத் துணிவு வராது. அடித்துக் கொல்வார் அல்லது சாக விடுவார். குட்டியை விட்டுவர மனம் வராது.

இந்த மனதைத்தான் நாம் பேச வேண்டும். தோட்டத்து வாழ்க்கையில் காட்டுப் பிராணியைக் கொண்டுவந்து வளர்ப்பது புதிதில்லை. லயத்து வாசலில் மைனா, பச்சைக்கிளி, இடுப்பில் கயிறு கட்டிய குரங்குக்குட்டி, ஒரு காலத்தில் உடும்பு, தேவாங்கு எல்லாம் இருந்திருக்கின்றன. பிள்ளைகள் அதற்குப் பெயர் வைப்பார்கள், தங்கள் தட்டிலிருந்து சோறு போடுவார்கள். அன்பு பொய்யில்லை. கரடிக்குட்டிக்கு அந்த அன்பு ஏறக்குறைய எட்டு மாதம் செல்லுபடியாகும். அதன் பிறகு அது கதவைக் கிழிக்கும். தகரக் கூரையை நெளிக்கும். விளையாட்டாகக் கடித்தாலும் தேங்காயை உடைக்கிற தாடை அது. அப்புறம் கூண்டு, கூண்டுக்குப் பிறகு விற்பனை, அல்லது போலீஸ்.

சட்டம் இதில் இரக்கம் காட்டாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சூரியக் கரடி முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. வைத்திருப்பதற்கு எந்த உரிமமும் சாதாரண மனிதருக்குக் கிடைக்காது. சுருக்கு வைப்பதே தனிக் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் உச்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை என்று உயர்ந்தது. தோட்டத்தில் யாரோ கொடுத்தார்கள், நாய் என்று நினைத்தேன் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் எடுபடாது.

ஆனால் சிறுதோட்டக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பெரிய இடத்தை விட்டுவிட முடியாது. பாலிங் குப்பாங்கில் 2022 ஜூலை 4-ஆம் தேதி மலையிலிருந்து சேறும் மரமுமாக இறங்கிய வெள்ளத்தில் மூன்று பேர் இறந்தார்கள். குனோங் இனாஸ் மலையில் காட்டை வெட்டிப் போட்ட முசாங் கிங் டுரியான் தோட்டம்தான் காரணம் என்று கம்பத்து மக்கள் விரல் நீட்டினார்கள். இதில் ஒரு கோணல் கவனியுங்கள். காட்டு டுரியானின் கொட்டையை விழுங்கி, தாய்மரத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோய் எச்சத்தில் போடுகிற பிராணிகளில் சூரியக் கரடியும் ஒன்று. டுரியானுக்காகக் காட்டை வெட்டினால், டுரியானைக் காட்டில் விதைப்பவனுக்கு இடமில்லாமல் போகிறது. உலு மூடாவின் ஓரங்களில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கலாமா கூடாதா என்ற வாதம் பல வருடமாக நடக்கிறது. தண்ணீருக்காகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஜெயித்தால் கரடிக்கும் சேர்த்துத்தான் வெற்றி.

தீபகற்பத்தில் மீட்கப்படும் கரடிகளைப் பராமரிக்கப் பேராக் மாநிலத்தின் சுங்காயில் பெர்ஹிலித்தானின் வனவிலங்கு மீட்பு மையம் இருக்கிறது. செப்பிலோக் அளவுக்கு அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சுற்றுலாத் தலம் இல்லையே. செப்பிலோக்கிலும் எல்லாம் செழிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சீட்டு வருமானம் ஒரே நாளில் நின்றது. கரடிக்கு ஆணை பற்றித் தெரியாது; வேளை தவறாமல் சாப்பாடு வேண்டும். பொதுமக்களிடம் கையேந்தித்தான் அந்தக் காலத்தைக் கடந்தார்கள். கரடியைத் தத்தெடுக்கும் திட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். தத்தெடுத்தால் படமும் சான்றிதழும் வரும், கரடி வராது.

கடைசியாக, நாளைக்கே நம்மில் ஒருவர் நிரையில் கரடிக்குட்டியைக் கண்டால் என்ன செய்வது? முதலில், தூக்கக்கூடாது. தாய் பக்கத்து மரத்தின் மேல் இருக்கலாம். இரை தேடிச் சற்று விலகியிருக்கலாம். வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகாதீர்கள். கூட்டம் கூட்டாதீர்கள், இடத்தைச் சொல்லி முகநூலில் போடாதீர்கள், அதைப் படிக்கிறவர்களில் வியாபாரியும் உண்டு. தாய் செத்துக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், அல்லது கம்பியில் மாட்டியிருந்தால், மாவட்டப் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். கம்பியை நீங்கள் வைத்ததாக இருந்தாலும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை குட்டிக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், குறிப்பாக டின்பால்.